ஒட்டுவேலை

ஜெபல் அலி, பன்னிரண்டாம் கிடங்கு.
துருக்கியிலிருந்து வந்திறங்கும் டப்பாக்களுக்கு
அரபியில் லேபிள் ஒட்டுவது என் வேலை.
உள்ளே என்ன, எத்தனை கிராம்,
எந்த நாடு, எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும்.
ஒரு புள்ளி பிசகினாலும்
நகராட்சி ஆய்வாளர் கன்டெய்னரையே திருப்பிவிடுவார்.
எனக்கு அரபி படிக்கத் தெரியாது.
கோணாமல் ஒட்டத் தெரியும்.

இரவு எட்டுக்கு மேல் இன்னொரு வேலை,
மேல்கட்டிலில் குப்புறப் படுத்து, போனில்.
ஊரில் தலைவரின் ஐ.டி. அணிக்குப்
படம், வாசகம், எழுத்துக்கு நிறம்.
மாதம் ஆறாயிரம் என்று பேச்சு.
நாலாயிரம் வரும்.

தை மாதம் கேட்டார்கள்:
"வெளிநாட்ல உக்காந்துக்கிட்டு
நிவாரணம் எங்கேன்னு கேக்குறானுங்கள்ல,
அவனுங்களுக்கு ஒரு பேர் வேணும்.
சின்னதா. சொன்னா சிரிப்பு வரணும்."

அன்று காலை பஸ் ஜன்னலில் பார்த்தது ஞாபகம் வந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
முன்னங்கால் இரண்டையும் கயிற்றால் தளைத்த ஒன்று
குட்டிக் குட்டி எட்டாக வைத்து
எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.
ஒட்டகம் என்று டைப் செய்தேன்.
அதற்குள் ஒரு 'ஒட்டு' இருப்பது
அனுப்பின பிறகுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் ஒன்பது நாற்பதுக்குத் தலைவர் போட்டார்:
'ஒட்டகங்கள் கத்தட்டும், ஊர் நடக்கட்டும்.'
என் வாசகம்தான். காற்புள்ளிகூட என்னுடையது.
மத்தியானத்துக்குள் மாவட்டச் செயலாளர்கள்.
சாயங்கால டி.வி. விவாதத்தில்
டை கட்டிய ஒருவர் அதைச் சொல்லிவிட்டு
சிரிப்பு அடங்கத் தண்ணீர் குடித்தார்.
எதிரணித் தலைவர் சும்மா இருப்பாரா?
'நீர்தான் ஒட்டகம், கூனல் உம் முதுகில்.'
ஒரு வாரத்தில்
யார் யாரை ஏன் சொல்கிறார்கள் என்பது
எனக்கே பிடிபடவில்லை.
சாயல்குடியில் ஒரு கணக்கு டீச்சர்,
பாஸ்போர்ட்டே எடுக்காதவர்,
பள்ளிக்கூடக் கக்கூஸுக்குக் கதவு கேட்டதால்
ஒட்டகம்.

கீழ்க்கட்டில் மூக்கையா.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கட்சி கிடையாது.
புயலில் போன ஓட்டுக்கூரைக்காக
மனு எண்ணோடு தலைவர் பக்கத்தில் நாலு வரி எழுதினார்,
ஐயா என்று தொடங்கி
ஐயா என்று முடித்து.
முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்.

முதல் இரவு என்னை எழுப்பிக் காட்டினார்.
"எவன்யா கண்டுபிடிச்சான் இத? நல்லாத்தான் இருக்கு."
சிரித்தோம். கட்டில் ஆடியது.
நாலாம் இரவு
போனைக் காதில் வைத்தபடி
வெகுநேரம் பேசாமல் இருந்தார்.
மகளை வகுப்பில் ஒட்டகக்குட்டி என்கிறார்களாம்.
பெஞ்சில் சாக்பீஸால் வரைந்திருக்கிறார்களாம்.
"மூக்கு என்னைய மாதிரியே வந்திருக்காம், பாவி" என்றார்.

சொல்லிவிடலாம் என்று குனிந்தேன்.
"லைட்ட அணைக்கவா?"
அதுதான் வாயில் வந்தது.

கோணலாக ஒட்டியதைக் கிடங்கில்
சூடான காற்றடித்து உரிப்போம்.
அப்படியும் பசை நிற்கும். நகத்தால் சுரண்ட வேண்டும்.
இரண்டு நாளாக என் கட்டைவிரல் நகத்தை
ஏன் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்று
சூப்பர்வைசர் கேட்டார்.

சனிக்கிழமை,
நசுங்கி, லேபிள் கிழிந்த டப்பாக்களை
கேம்ப்புக்கு எடுத்துப்போகச் சொன்னார்.
உள்ளே என்னவென்று யாருக்கும் தெரியாது.
மூக்கையா ஒன்றைக் காதருகே குலுக்கினார்.
"கொண்டக்கடலைதான். பந்தயமா?"
திறந்தால் பீச் பழம், சர்க்கரைப் பாகில்.
குப்பூஸைக் கிழித்து அதில் தோய்த்து
முதல் வாயை எனக்குத்தான் நீட்டினார்.

தலையணைக்கு அடியில் போன் துடித்தது.
அணியிலிருந்து:
'இது பழசாயிருச்சு தம்பி. வேற பேர், இன்னைக்கே.'
பாகு பட்ட விரலுக்குத்
திரை திறக்கவில்லை.
துடைக்கத் துணி தேடினேன்.
மூக்கையா
தன் துண்டைக் கொடுத்தார்.